மூடிமேல் எழுதிய எண்

"ஹலோ... இல்போவா? சொல்லு, முழிச்சுட்டுதான் இருக்கேன்... இடுப்பா? இருக்கு, புது இடுப்பு. நேத்து பத்தடி நடந்தேன், இன்னைக்கு இருபது. நீ சாப்பிட்டியா?"

தைனா தலையணையை உயர்த்திக்கொண்டாள். குவோபியோ நகரத்து மருத்துவமனையின் இரண்டாம் மாடி. மதியம் ஒரு மணி. வெளியே ஏரி உறைந்து கிடந்தது. அறுபது கிலோமீட்டர் தள்ளி, வீட்டில், அவள் கணவன் இல்போ ஒரு வாரமாக அவள் நிலவறையில் சேர்த்துவைத்த ஜாடிகளோடு தனியாக இருந்தான்.

"சூப்பா? நீயா வச்சே?... எதுல?... ஆமா... ஆமா ஆமா, மூணாவது தட்டு, இடது பக்கம். முப்பத்தொண்ணாம் நம்பர் ஜாடி. குழல் காளான், அக்டோபர்ல காயவச்சது... பாத்தியா, நிலவறைக் கதவுல ஒட்டின பட்டியலைப் படிச்சா வழி தெரியுதில்ல? முப்பது வருஷமா உப்பு எங்கன்னு கேட்ட மனுஷன்... ஊறவச்ச தண்ணியக் கொட்டலையே?... கெட்டிக்காரன். ருசியே அதுலதான் இருக்கு... பட்டியல்ல குறிச்சியா? பென்சில்லதான?"

அவள் சிரித்தாள். இடுப்பில் தையல் போட்ட இடம் சுருக்கென்றது.

"யாரு வந்திருக்கா?... வில்யாவா! உக்கார வை நம்ம பொண்ணை. அஞ்சாம் மாசம், இல்லாட்டி நின்னுட்டே பாத்திரம் கழுவுவா... ரெண்டு தட்டு குடிச்சாளா? குடிக்கட்டும். உள்ள இருக்கற குழந்தைக்கும் பசிக்கும்ல."

"என்ன ஆச்சரியம்?... சொல்லிடு, வீட்டுக்கு வந்து மயங்கி விழ என்னால முடியாது... கழுவினியா? எதை?... லிங்கன்பெரி பழச்சாறு ஒழுகிடுச்சா. எந்த ஜாடி?... ஐயோ, தட்டு முழுக்கவா... சரி... சரி... எல்லாத்தையும் துடைச்சு வச்சுட்டே. நல்லதுதான்... மூடியையுமா?"

"இல்ல, ஒண்ணுமில்ல. மூடியை எப்படிக் கழுவினே?... எல்லாத்தையும் ஒரே வாளியில போட்டு... ம்... ம்... எண் அழியாது, அது எனக்குத் தெரியும், பெயிண்ட் பேனா. இல்போ, நான் கேக்கறது வேற. எந்த மூடி எந்த ஜாடியோடதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

அவன் என்னவோ சொன்னான். தைனா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒரே அளவு... ஆமா. எல்லா மூடியும் ஒரே அளவுதான்."

ஜாடியில் எதுவும் எழுதியிருக்காது. மூடியில் எண் மட்டும். எண்ணுக்கு உரிய பொருள் பட்டியலில். அதே மூன்றாவது தட்டில், நாற்பத்துநாலில், மே மாதம் பைன் மரங்களுக்கு அடியில் பறித்த காதுக் காளான் இருந்தது. காயவைத்தது. அதை ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் இரண்டு முறை வேகவைத்து, இரண்டு முறையும் தண்ணீரைக் கொட்டி, ஜன்னல்களைத் திறந்துவைத்துத்தான் சமைப்பாள். அப்படிச் செய்யாவிட்டால் அது விஷம்.

"கரண்டியைக் கீழ வை. வில்யா கையில இருக்கறதையும் வாங்கு... ஏன்னு அப்பறம் சொல்றேன், வாங்கு!... முடிச்சுட்டாளா. எப்ப?... அரை மணியாச்சா... நீ எவ்வளவு?... சரி. பதறாதே. நானும் பதறலை. ஃபோனோட நிலவறைக்கு இறங்கு. லைட்டைப் போடு... நாப்பத்துநாலுன்னு போட்ட ஜாடியை எடு."

காதில் அவன் மூச்சும் மரப்படியின் முனகலும் கேட்டன.

"தொறந்துட்டியா? ஒண்ணைக் கையில எடு... எப்படி இருக்கு?... பாத்துச் சொல்லு, அவசரப்படாதே. காம்பு மஞ்சளா?... உள்ள ஓட்டையா, குழல் மாதிரி?... இன்னொண்ணை எடு... அதுவும் அப்படித்தானா..."

"இப்ப முப்பத்தொண்ணு. மிச்சம் இருக்குமே அடியில... கறுப்பா... சுருங்கி, வால்நட் பருப்பு மாதிரி... ஆமா இல்போ. அதுதான். நீ குடிச்சது காதுக் காளான்."

"இல்ல, வாந்தி வரலைன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தமில்ல. ராத்திரிக்குத்தான் காட்டும், சில சமயம் மறுநாள். வில்யாவை அவ ஃபோனை எடுக்கச் சொல்லு. விஷ ஆலோசனை நம்பர் ஃப்ரிட்ஜ் கதவுல இருக்கு... அவளே பேசட்டும், எத்தனை மாசம்னு முதல்லயே சொல்லச் சொல்லு. விஷத்தை உறிஞ்சற மருந்துக் கரி அலமாரியில இருக்கு, ஆனா அவங்க சொன்னாத்தான் குடிக்கணும்... நீ மேல ஏறு. ஃபோனை வச்சுடாதே, லைன்லயே இரு."

பக்கத்துக் கட்டில் கிழவி பத்திரிகையைத் தாழ்த்தினாள். தைனா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"என்ன சொல்றாங்க?... சரி, அவ பேசட்டும்... நான் திட்டலை. எங்க திட்டினேன்?... நீ பாத்துத்தான் எடுத்தே. பட்டியல்ல முப்பத்தொண்ணுன்னு இருந்துது, மூடியில முப்பத்தொண்ணுன்னு இருந்துது. அதுக்கு மேல கேள்வி கேக்காதேன்னு உன்னைப் பழக்கினதே நான்தான்."

"பேரு ஏன் எழுதலைன்னா... இப்பவா கேக்கறே?... உனக்காகத்தான். அந்தக் குளிர்காலம் லாக்கா பழ ஜாம் ஆறு ஜாடியும் நீயே காலி பண்ணினியே, கிறிஸ்மஸுக்கு ஒண்ணுகூட இல்லாம? சதுப்புல முழங்கால் வரைக்கும் இறங்கி நான் பொறுக்கினது. எங்க இருக்குன்னு உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் எண் போட ஆரம்பிச்சேன். லாக்காவை மட்டும் பட்டியல்லயே எழுதலை... ஆமா. பன்னெண்டு வருஷமா... சிரி, சிரி... இல்போ? அழறியா?... அழாதே. வில்யா பாக்கப் போறா."

"சொல்லு... ரெண்டு பேருமா?... உடனேவா?... கரியைக் குடிச்சுட்டுக் கிளம்பணும். சரி. எவ்வளவுன்னு அவங்க சொன்னபடி... கசக்காது, மண்ணு மாதிரி இருக்கும், அவ்வளவுதான்... எங்க வரச் சொன்னாங்க?... இங்கயா? குவோபியோவுக்கா?... இங்கயேதான். கீழ அவசரப் பிரிவு."



"நீ வண்டி ஓட்டாதே. எதிர்வீட்டு ஆர்டோவைக் கூப்பிடு... தூங்கினா எழுப்பு! ரெண்டு ஜாடியையும் எடுத்துட்டு வா, மூடி வேண்டாம். சூப்பு மிச்சத்தையும் ஒரு டப்பாவில... வில்யாகிட்டக் குடு ஃபோனை. கண்ணு?... அம்மாதான்... ஆமா... ஆமா, கேட்டேன். நீ பயப்படாதே... இல்லடி, எனக்குத் தெரியாது. குழந்தைக்கு என்னன்னு எனக்குத் தெரியலை. தெரிஞ்சா சொல்லமாட்டேனா... அசையுதா?... எப்ப?... இப்பவா. சரி, கையை அங்கயே வச்சுக்கோ. கையை எடுக்காம வண்டியில ஏறு. அப்பாவைப் பின்சீட்டுல உன்கூட உக்காரச் சொல்லு, அவன் முன்னாடி உக்காந்தா ஆர்டோவுக்கு வழி சொல்லியே தொலைப்பான்."

தைனா போர்வையை விலக்கினாள். வலது காலை இரண்டு கையாலும் தூக்கிக் கட்டிலின் ஓரத்துக்குக் கொண்டுவந்தாள். ஊன்றி நடக்கும் நடைச்சட்டம் கைக்குச் சற்று எட்டாத தூரத்தில் இருந்தது.

"இல்ல, நான் கீழ அவசரப் பிரிவு வாசல்லயே நிப்பேன்... யாரு விடமாட்டாங்க?... இருபதடி நடந்தவளுக்கு லிஃப்ட் எவ்வளவு தூரம்?... வில்யா, வைக்கிறேன். நர்ஸ் அந்தக் கோடி அறையில இருக்கா. அவ திரும்பறதுக்குள்ள நான் போயாகணும்."