பார்க்கலாம், தொடக் கூடாது

— பாஸ்வேர்டை மட்டும் குடு பொடிசு. நாலு வரி மாத்திட்டுப் போயிடறேன்.

— பாஸ்வேர்டு எதுக்குண்ணா? என் வெப் சர்வர்ல புரோகிராம் மொத்தமும் வச்சிருக்கற ரெப்போ திறந்துதானே கெடக்கு. யார் வேணா பார்க்கலாம், காப்பி எடுத்துக்கலாம்.

— நேத்தே பார்த்துட்டேன். மாத்தத்தான் விடல.

— விடாது. எழுதற உரிமை நான் குடுத்தவங்களுக்கு மட்டும்தான்.

— அந்த புரோகிராமே நான் எழுதினதுடி!

— நாம எழுதினது. நீதான் ஊர் முழுக்க 'நான்'னு சொல்லிட்டுத் திரிஞ்சே.

— பழசைக் கிளறாதே. பாரு, மருந்து ஏத்தற மெஷின்ல மருந்து தீர்ந்தா அலாரம் அடிக்கணும். சில நேரம் அடிக்கல. தப்பு நான் எழுதின இடத்துலதான்.

— அப்படியா? எழுதி மெயில் பண்ணு. நேரம் கிடைச்சா பார்க்கறேன்.

— நேரம் கிடைச்சாவா? நாளைக்கு உங்க அண்ணிக்கு ஆபரேஷன்! அந்த ஆஸ்பத்திரியிலயும் அதே மெஷின்தான். உன் சர்வர்ல மாறினாத்தான் அங்க மாறும்.

— அன்னைக்கு அப்பாவும் ஆஸ்பத்திரியிலதான் கெடந்தாரு. அவர் கட்டில் பக்கத்துல உக்காந்து வேலை பார்க்கலாம்னு லேப்டாப்பைத் திறந்தேன். புரோகிராமுக்குள்ளேயே விடல. என் பேரையே எடுத்திருந்தே.

— பொடிசு...

— நம்ம ஆபீசுக்கு ஓடி வந்தேன். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கல. நீ மாடி ஜன்னல்ல நின்னு டீ குடிச்சிட்டே பார்த்தே.

— கம்பெனி கைவிட்டுப் போயிடும்னு பயம்.

— போகத்தானே செஞ்சுது? ஆஸ்பத்திரிக்காரங்க என்னைத் தேடி வந்து கெஞ்சினாங்க. அந்த புரோகிராமை நான் தூக்கி நிறுத்தினேன்.

— சரிம்மா. நான் பண்ணது அநியாயம். போதுமா?

— நாற்காலியை விடு. நின்னுட்டே சொல்லு.

— நிக்கறேன். தப்புதான். கால்ல வேணா விழறேன். அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன்.

— கேக்கல. இன்னொரு தடவை.

— தப்புதான் பொடிசு. உன்னை வெளிய தள்ளினது தப்புதான்.

— ம். இப்ப உக்காரு. அலாரத்தைக் காலையிலேயே சரி பண்ணிட்டேன். ஆஸ்பத்திரியிலயும் போட்டு, ஓட்டிப் பார்த்துட்டாங்க. இன்னைக்கு ஒரு தடவை ரெப்போவைத் திறந்து பார்த்திருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்.

— காலையிலேயேவா? உனக்கு யாரு சொன்னா?

— அண்ணி. நேத்து நீ அவங்ககிட்ட சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பினதும் போன் பண்ணிட்டாங்க. "நாளைக்கு உன்கிட்டதான் வருவாரு, உடனே சொல்லிடாதே, கொஞ்ச நேரம் நிக்க வை"ன்னதும் அவங்கதான்.