குமிழில் கட்டிய கயிறு

சரி, மிஷின் பழுதுப் புள்ளிவிவரத்த இதோட நிறுத்திக்கிறேன். மில்லு சூப்பர்வைசருங்க ரெண்டு மூணு பேரு கொட்டாவி விடுறீங்க... பாத்துட்டுதான் இருக்கேன். ஒரு குட்டிக் கதை சொல்றேன், கேளுங்க. யாரையும் திட்ட வரல, நடந்தத மட்டும் சொல்றேன்.

சந்தானகோபாலன்னு ஒருத்தரு. பேங்குல மேனேஜரா இருந்து ரிட்டையர் ஆனவரு. புது அபார்ட்மெண்ட்ல குடியேறுனாரு. அவரு வீட்டுலயும், அதே மாடியில இன்னும் மூணு வீட்டுலயும் வேலை செஞ்ச அம்மா பேரு வெள்ளத்தாயி. அந்த நாலு வீட்டு வேலைதான் அந்தம்மா குடும்பத்துக்குச் சோறு.

சார் தினம் காலைல குளிச்சிட்டு, ஷேவ் பண்ண வாஷ் பேசின் முன்னால நிப்பாரு. தண்ணி எறங்காது. அப்படியே தேங்கி நிக்கும். ஒரு நாள் பாத்தாரு, ரெண்டு நாள் பாத்தாரு... முடிவு பண்ணிட்டாரு. வீடு தொடச்ச அழுக்குத் தண்ணிய, முடியும் குப்பையுமா, இவதான் இதுல ஊத்துறா!

அந்தம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுச்சு.

"நான் இதுல எதையும் ஊத்துனதில்ல சார்."

கேட்டாரா? கேக்கல. வேலைய விட்டு நிறுத்துனாரு. அதோட விட்டாரா? அதுவும் இல்ல. லிப்டுல பாத்தவங்ககிட்டல்லாம் சொன்னாரு. ஒரே வாரம்... மத்த மூணு வீடும் போச்சு.

ஆளு போயாச்சு. அடைப்பு போச்சா? போகல. மறுநாளும் தண்ணி நிக்குது. பத்து நாள் கழிச்சும் நிக்குது.

கடைசில பிளம்பர் சவரிமுத்து வந்தாரு. பேசினுக்கு அடியில படுத்து ஒண்ணொண்ணா கழட்டி, ஒரு பழைய பேப்பர்ல பரப்புனாரு. சார் பக்கத்துலயே நின்னு இது என்ன, அது என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. பளபளன்னு வட்டமா இருக்கே, அது மூடி. மூடிக்குக் கீழ தண்டு. தண்டோட அடியில ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ள பின்பக்கமா வந்து நுழையுது ஒரு கம்பி. கம்பிக்கு நடுவுல கோலிகுண்டு கணக்கா ஒரு உருண்டை. அந்த உருண்டைதான் அச்சு... கம்பி ஒரு பக்கம் ஏறுனா மறுபக்கம் எறங்கும். கம்பியோட வெளிமுனைல ஒரு தகட்டுப் பட்டி. பட்டி மேல ஏறிப் போயி, குழாய்க்குப் பின்னால நிக்குதே ஒரு குமிழ், அதோட சேருது. குமிழத் தூக்குனா மூடி உக்காந்துக்கும். அமுக்குனா மூடி எந்திரிக்கும். அவ்வளவுதான் சங்கதி.

முடி இருந்துச்சா? இல்ல. குப்பை? ஒரு துரும்பு இல்ல.

சவரிமுத்து குமிழப் பாத்தாரு. அதுல ஒரு நைலான் கயிறு. மறுமுனை மேல ஜன்னல் கம்பில.

"சார், இது என்ன கயிறு?"

"பனியன் காயப்போட நான்தான் கட்டுனேன். அந்தக் குமிழ அதுக்குத்தான் வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

குளிச்சதும் பனியன அலசிப் போடுவாரு. ஈரப் பனியன் கயித்த இழுக்கும், கயிறு குமிழத் தூக்கும், மூடி உக்காரும். அப்புறம் அவரே வந்து ஷேவ் பண்ண நிப்பாரு.

மனுசன் உண்மையிலேயே வெக்கப்பட்டாரு. அன்னிக்கே வெள்ளத்தாயியத் தேடிப் போயி, வேலைக்கு வாம்மான்னு கூப்பிட்டாரு. அந்தம்மா அழல, சண்டை போடல.

"அந்த மூணு வீட்டுலயும் போயி நடந்தத சொல்லுங்க சார். அப்புறம் பேசுவோம்."

போனாரு. மூணு வீட்டுக்கும் போனாரு. என்ன சொன்னாரு தெரியுமா? மூடி, தண்டு, கம்பி, உருண்டை, பட்டி, குமிழு... எல்லாத்தையும் அக்கு வேறா ஆணி வேறா விளக்குனாரு. கேட்டவங்க அசந்து போனாங்க. கடைசில, "இப்ப சரியாயிடுச்சு"ன்னுட்டு வந்துட்டாரு. உள்ள குப்பையே இல்லங்கறதையும், கயிறு கட்டுனது யாருங்கறதையும் மட்டும் சொல்லல.

வெள்ளத்தாயி திரும்பி வரல. மூணு வீட்டுலயும் கூப்பிடவும் இல்ல. எதுக்குக் கூப்பிடுவாங்க? அவங்களப் பொறுத்தவரை அவ இன்னும் குப்பை கொட்டுனவதான்.

ஐயா... நாளைக்கு உங்க ஷிப்டுல ஒரு மிஷின் நிக்கும். ரிப்போர்ட் எழுதுவீங்க. எந்த நட்டு, எந்த பேரிங்குன்னு சுத்தமா எழுதுவீங்க, எனக்குத் தெரியும். அதுல உங்க கை பட்ட எடம் ஒண்ணு இருந்தா, அதையும் எழுதுங்க. நீங்க எழுதாம விட்டா, அந்த எடத்துல யாராவது ஒரு வெள்ளத்தாயி பேரத்தான் எழுதிக்குவாங்க.