பால்கனிக் கம்பியின் இடது முனை

இந்த ஸ்டேஷன் நாற்காலி ஆடுகிறது, ஐயா. பின்கால் ஒன்று கொஞ்சம் குட்டை. ஒரு துண்டு பழைய ரப்பரும் நாலு ஆணியும் கிடைத்தால் பேச்சோடு பேச்சாகச் சரிசெய்துவிடுவேன். வேண்டாமா? சரி, ஆடட்டும்.

என் மைத்துனர் எங்கள் வீட்டு மூன்றாம் மாடிப் பால்கனியிலிருந்து, கம்பி விட்டுப்போய், விழுந்து இறந்ததை நீங்கள் விபத்து என்று எழுதிவிட்டீர்கள். தோளைத் தட்டி, "போங்க சார், இனிமே இந்த மாதிரி வேலைக்கெல்லாம் ஆளைக் கூப்பிடுங்க" என்றீர்கள். பெரிய மனது. வாசல்வரை போனேன். அதற்குமேல் கால் நகரவில்லை. உங்கள் நிபுணர் எழுதியிருக்கிறாரே, 'பயிற்சி இல்லாதவர் செய்த அரைகுறை வேலை' என்று, அந்த ஒரு வரியைத் திருத்தாமல் என்னால் வீட்டுக்குப் போக முடியாது.

நான் துணிக்கடைக்காரன். எங்கள் குடும்பத்தில் குழந்தை பேச ஆரம்பிக்குமுன் பேரம் பேச ஆரம்பித்துவிடும். ஒருநாள் செருப்புத் தைப்பவரிடம் வழக்கம்போல, "நாலு தையலுக்கு இவ்வளவா? இதுல என்னய்யா இருக்கு?" என்றேன். அவர் ஊசியை என் பக்கம் நீட்டினார். "என்ன இருக்குன்னு நீங்களே தெச்சுப் பாருங்களேன்" என்றார். தைத்துப் பார்த்தேன். அப்படித்தான் எல்லாம் ஆரம்பித்தது.

முதல் இரண்டு நாளும் ஊசி தோலைவிட விரலில்தான் அதிகம் இறங்கியது. மூன்றாம் நாள் சாயங்காலம், நான் நினைத்த இடத்தில் நுழைந்து, நினைத்த இடத்திலேயே வெளியே வந்தது. அந்த நொடியை எப்படிச் சொல்வேன். நேற்றுவரை கையில் இல்லாத ஒன்று இன்றைக்குக் கையில் இருக்கிறது. யாரும் கொடுக்கவில்லை, யாரிடமும் வாங்கவில்லை. இத்தனை வருட வியாபாரத்தில் அப்படி ஒரு கொள்முதல் எனக்குப் படிந்ததே இல்லை. செருப்புகள் இரண்டும் இடது காலுக்கே அமைந்துவிட்டன என்பது வேறு விஷயம்.

பிறகு விடவில்லை. கைக்கடிகாரம் பழுது பார்த்தேன். மூடிய பிறகு மேசைமேல் மிஞ்சிய சக்கரங்களைப் பார்த்தால், அந்தக் கம்பெனிக்காரர்கள் எவ்வளவு வீண்செலவு செய்கிறார்கள் என்று புரியும். புல்லாங்குழல் ஊதினேன், பக்கத்து வீட்டுக்காரர் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், அதற்கும் குழலுக்கும் சம்பந்தமில்லை. சோப்புக் காய்ச்சினேன். என் மனைவி, "என்னங்க, இதைப் பாத்திரத்துக்கு மட்டும் வெச்சுக்கறேன், மேலுக்கு வேணாம்" என்றாள். பாத்திரம் பளபளவென்று ஆயிற்று. அடியில் ஓட்டை விழுந்ததெல்லாம் பிறகுதான்.

மைத்துனர், அதாவது என் மனைவியின் அண்ணன், வங்கி அதிகாரி. பல்பு மாட்டுவதற்கும் ஆளைக் கூப்பிடுபவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவார். உட்காருமுன் நாற்காலியை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்ப்பார்.

"மாப்ள, இது சொந்தமா செஞ்சதா?"

"ஆமா மச்சான்."

"அதான் கேட்டேன்."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். 'அதான் கேட்டேன்' என்பதற்கு மனிதனால் என்ன பதில் சொல்ல முடியும்? உள்ளே என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

அவர் புது வீடு கட்டியபோது, தேக்கு மரத்தில் நானே இழைத்த புத்தக அலமாரி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தேன். அடுத்தமுறை போனபோது அது கொல்லைப்புறத்தில் இருந்தது. உள்ளே கோழிகள்.

"கோவிச்சுக்காத மாப்ள" என்றார். "நானாவது உறவுக்காரன், சும்மா இருந்துட்டேன். அந்தக் கோழிங்களைப் பாரு, மேல் தட்டுல மட்டும் ஏறவே மாட்டேங்குது."

அன்றுதான் வெல்டிங் கற்றுக்கொள்ள முடிவு செய்தேன். ஆத்திரத்தில் என்று எழுதிவிடாதீர்கள். வெல்டிங் மேல் எனக்கு வெகுநாளாக ஒரு கண். மச்சான் அதற்கு ஒரு உபயோகம் காட்டினார், அவ்வளவுதான்.

பழைய மெஷின் ஒன்றைப் பேரம் பேசி வாங்கினேன். அதைப் போட்டால் தெரு விளக்கு மங்கும். கண்ணாடி முகமூடிக்குள் இரும்பு தேன் மாதிரி இளகி ஓடும் அழகை நீங்கள் ஒருமுறை பார்க்கவேண்டும். பால்கனியின் பழைய கம்பியைப் பெயர்த்துவிட்டுப் புதியதை நானே மாட்டினேன். சாப்பிட்டதும் பால்கனிக்குப் போய், இடது முனையில் முழு உடம்பையும் சாய்த்துக்கொண்டு போனில் பேசுவது மச்சானின் வழக்கம். சிக்னல் அங்கேதான் நன்றாகக் கிடைக்கும்.

எனவே வலது முனையை உயிரைக் கொடுத்துச் செய்தேன். யானை சாய்ந்தாலும் அசையாது. இடது முனையில் மேலாக ஒரு தோல் கனத்துக்கு மட்டும் பற்றவைத்து, அரம் போட்டு, சாயம் அடித்தேன். பார்வைக்கு ஒட்டியிருக்க வேண்டும். பாரம் ஏறினால் விட்டுவிட வேண்டும். ஒழுங்காக ஒட்டுவதற்கு எத்தனையோ ஆள் இருக்கிறான். இப்படி அளந்து ஒட்டுவதற்குக் கை வேண்டும், ஐயா. இதைத்தான் உங்கள் நிபுணர் அரைகுறை என்கிறார்.

அன்று மச்சான் சாப்பிட்டுவிட்டு பால்கனிக்கு வந்தார். வழக்கம்போல நடுவில் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கம்பி அசையவில்லை. இன்னொரு முறை ஆட்டினார்.

"சொந்தமா செஞ்சதா?"

"ஆமா மச்சான்."

"பரவாயில்லையே மாப்ள. இது நல்லா வந்திருக்கு."

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். அப்போது அவரை உள்ளே கூப்பிட்டிருக்கலாம். தோன்றாமல் இல்லை. ஆனால் கூப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால், 'அதான் கேட்டேன்' என்பார். படிந்த வியாபாரத்தை நானே கலைப்பதா? "டீ கொண்டு வரேன் மச்சான்" என்று சொல்லி உள்ளே வந்தேன். சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. டம்ளரை வைத்துவிட்டுத்தான் ஓடினேன். தவறாக நினைக்காதீர்கள், சூடாக இருந்தது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். விபத்து இல்லை, கவனக்குறைவும் இல்லை. திட்டம் போட்டு, என் கையால், யார் உதவியும் இல்லாமல் நானே செய்தது. அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், பேரம் பேசமாட்டேன்.

என்ன படம் அது? காட்டுங்கள்.

உடைந்திருப்பது வலது முனை என்கிறீர்கள். என் மனைவி அன்று காலையில் ஈரப் போர்வையை இடது முனையில் காயப்போட்டிருந்தாளாம். அதனால் மச்சான் மறுபக்கம் போய்ச் சாய்ந்தாராம். இடது முனையில் உங்கள் ஆட்கள் இரண்டு பேர் தொங்கியே பார்த்துவிட்டார்களாம், அசையவில்லையாம். "விழணும்னு செஞ்சது நிக்குது, நிக்கணும்னு செஞ்சதுதான் விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டு உங்கள் ஏட்டையாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறார்.

சிரிக்கட்டும். இந்தப் படம் இடம் வலம் மாறி விழுந்திருக்கிறது, ஐயா. தொழில் தெரியாத யாரோ எடுத்திருக்கிறார்கள். போட்டோ பிடிப்பது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. எந்தச் சிறைக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள், ஒரு கேமரா மட்டும் கொடுத்து அனுப்புங்கள். ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டு வந்து, நானே சரியாக எடுத்துத் தருகிறேன்.