நஞ்சம்மாவின் குரலுக்குப் போட்ட கம்பி

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் பெரியவர் கெம்பையன் அவர்களே! மைசூர் மண்ணில் உழைத்து, தமிழில் உறவாடும் வேன் ஓட்டுநர் சங்கத்துச் சகோதரர்களே! பிள்ளைகளை மடியில் இருத்திக்கொண்டு முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! உங்கள் வண்டிகளுக்கு ஒயர் இழுத்துப் பிழைக்கும் எலக்ட்ரீசியன் ஜடையனின் வணக்கம்!

பெருமை பேச நான் வரவில்லை. பிழையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

நம் பழனிமுத்துவை உங்களுக்குத் தெரியும். கொள்ளேகால்காரர். அவர் மனைவி நஞ்சம்மா தொண்ணூற்று நான்கில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். அங்கிருந்து ஒரு கேசட் வந்தது. எஜமானியம்மாள் கூடத்தில் இருக்க, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மூச்சோடு மூச்சாகப் பேசிய கேசட்! "மழை பேஞ்சுதா? வேளைக்குச் சாப்புடறீங்களா? எனக்கு இங்க பேச ஆளே இல்லீங்க…" அவ்வளவுதான். அந்தக் குரலைக் கேட்கத்தான் அந்த மனிதர் எத்தனை தவித்தார்! ஆனால் வேனில் போட்டால், டீசல் இஞ்சின் இரைச்சல் அந்த மெல்லிய குரலை விழுங்கிவிட்டதே!

குரலைப் பெருக்கிக் காட்டும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். வேலை முடியும் தறுவாயில் பார்த்தால், என் சாமான் பெட்டியில் பியூஸ் இல்லை. கடைக்குப் போய் வர வேண்டும்.

"அண்ணா, மலைக்குச் சவாரி காத்துக்கிட்டு இருக்குதுங்க. பியூஸு நாளைக்குப் போட்டுக்கலாம். பேட்டரியில நேரா மாட்டி விடுங்க, அவ பேசறதக் கேட்டுக்கிட்டே போறேன்" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்தேன். மாட்டிவிட்டேன்!

பின்வரிசையில் ஒரு நண்பர் கேட்கிறார், "பியூஸ் போட எவ்வளவு நேரம்?" கால் மணி நேரம், ஐயா! வெறும் கால் மணி நேரம்!

மாதேஸ்வரன் மலை ஏற்றம். வேனில் ஒன்பது பக்தர்கள். தகரத்தில் துளையிட்டுக் கம்பியை நுழைத்த இடத்தில் ரப்பர் வளையமும் நான் போடவில்லை. வளைவுக்கு வளைவு கம்பி உரசியது. உரசிய உறை கிழிந்தது. கிழிந்த கம்பி தகரத்தைத் தொட்டது. தடுக்கப் பியூஸ் இல்லை. பாய்ந்த மின்சாரம் கம்பியைப் பழுக்கக் காய்ச்சியது, தீப் பற்றிக்கொண்டது!

"பெங்கி! பெங்கி!" என்று ஒரு தாய் கன்னடத்தில் அலறினார். நெருப்பு, நெருப்பு! பழனிமுத்து வண்டியை ஓரம் கட்டி, ஒன்பது பேரையும் இறக்கிவிட்டு, இருக்கையைத் தூக்கி, கொதிக்கும் கம்பியை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தார். கை தட்டாதீர்கள், தோழர்களே! அந்தக் கை வெந்துபோன கை!

செய்தி கேட்டு, பஸ் பிடித்து ஓடினேன். சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். கையில் ஈரத்துணி. மடியில் உருகிப்போன கேசட்.

"என்னை மன்னிச்சிரு முத்து" என்றேன்.

"கை ஆறிப்போகுமுங்கண்ணா. அவ குரலு போயிருச்சுங்களே" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதைத் தாங்க முடியவில்லை.

நடந்ததைக் குவைத்துக்குக் கடிதம் எழுதிப் போட்டார். ஒரு மாதம், இரண்டு மாதம், நான்கு மாதம்! தபால்காரரின் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினார். சவாரி இல்லாத மதியங்களில் என் பட்டறைக்கு வந்து, "அவ 'சாப்புடறீங்களா'ன்னு கேக்கறப்போ கடைசியில லேசா இழுப்பாளுங்க" என்று சொல்லிக் காட்டுவார், சரியாக வராது, மறுபடி சொல்லிப் பார்ப்பார்.

ஐந்தாம் மாதம் கேசட் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "கேக்கறதுக்கு முன்னால ஒயரப் பாருங்கண்ணா" என்றார். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினேன். தடித்த கம்பி இழுத்தேன். பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் வைத்தேன். தகரத் துளைக்கு ரப்பர் வளையம் போட்டேன். பெயிண்டைச் சுரண்டி, எர்த் கம்பியை வெறும் இரும்பில் முறுக்கினேன். அதன் பிறகே நஞ்சம்மாவின் குரல் ஒலித்தது: "உங்க கை வலிக்குதுங்களா? நான் வந்து பாக்கறதுக்குள்ள ஆறிருமா?"

ஆறிவிட்டது தாயே! ஆனால் நீ வர இன்னும் ஓராண்டு இருக்கிறதே!

சகோதரர்களே, பாட்டுக் கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் வண்டி வரும் ஓசைக்காக ஏதோ ஒரு வீட்டில் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்காகக் கால் மணி நேரம் நிற்க மாட்டீர்களா? பியூஸ் இல்லாமல் எந்த வண்டியும் என் பட்டறையை விட்டு இனி வெளியேறாது. நீங்கள் அவசரப்பட்டாலும் சரி, கோபித்தாலும் சரி, சாவியைத் தரமாட்டேன்!

பிழையைப் பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும் தாய்மாருக்கும் என் நன்றி. எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்!