லா ஓயாவில் வெயில்

— "உனக்கு எத்தனை பிள்ளைங்க?"ன்னு போன வருஷம் லா ஓயாவுல ஒரு வேர்க்கடலைக்காரி என்கிட்ட கேட்டா, உபால்தோ. ரெண்டுன்னு சொன்னேன். ஒருத்தன் எலாதியோ, பந்து எறியறான், இன்னொருத்தன் அதைப் பிடிக்கறான்னு பேஸ்பால் மைதானத்துப் பக்கம் கையை நீட்டிக் காட்டினேன். இன்னிக்கு அவ வந்து கேட்டா ஒண்ணுன்னுதான் சொல்லுவேன். இதோ உட்கார்ந்திருக்கானே வில்கின், இவன் காதுல விழட்டும்னுதான் சொல்றேன்.

— விழுந்துடுச்சு நெரெய்தா. கடைக்குள்ள இருக்கறதே நாம நாலு பேர். திங்கக்கிழமை லீவு அதுவுமா பாதி ஷட்டரைத் தூக்கி வெச்சுக்கிட்டு நான் நிக்கறது இவன் வாயைத் திறப்பான்னுதான். டேய் வில்கின், உன்னைச் சவர நாற்காலியில உட்கார வெச்சிருக்கேன், ஆனா கழுத்துல துணி கட்டலை. தைரியமாப் பேசு.

— நீ முதல்ல அந்தக் கத்தியைக் கீழ வை உபால்தோ அண்ணே. யப்பா, பிள்ளை வந்ததுலேர்ந்து தண்ணி கூடக் குடிக்கலை. வாழைக்காய் வறுத்துக் கொண்டாந்தேன், அதையும் தொடலை. ஆறிப் போனா அது செருப்புத் தோல்தான்.

— மினெர்வா, நீ வறுக்கற வேலையோட நில்லு. ரசிகர் சங்கத்துக்குத் தலைவர் நானா நீயா? நான் குத்தம் சொல்லலை, யோசிக்கச் சொல்றேன். நேத்து லா ஓயாவுல முதல் நாலு இன்னிங்ஸ் எலாதியோ பந்தை ஒருத்தன் தொட்டானா? காத்தைத்தான் அடிச்சானுங்க. அஞ்சாவதுலேர்ந்து என்ன ஆச்சு? பந்து வளைஞ்சு வரப்போகுதுன்னா காத்திருந்து அடிக்கறான். நேரா வரப்போகுதுன்னா முன்னாடியே தயாரா நிக்கறான். எப்படித் தெரியும்? என்ன எறியணும்னு பிடிக்கற கேட்சர் விரல்ல காட்டறான், எறியற பிட்சர் பார்த்துக்கறான். அது அந்த ரெண்டு பேருக்குத்தான் வெளிச்சம். எலாதியோ தன்னைத்தானே காட்டிக் குடுப்பானா? அப்ப மிச்சம் யாரு?

— அம்பயர் லா ஓயா மேனேஜருக்கு மச்சான். அதை ஏன் விட்டுட்டே அண்ணே?

— அம்பயருக்குக் கண்ணு தெரியாது. தெரியாதவன் ரெண்டு பக்கமும் தப்பு பண்ணுவான், அதுல ஒரு நியாயம் இருக்கு.

— நம்மளை ஏத்திட்டுப் போன லாரியை ஃபாதர் ஆசீர்வாதம் பண்ணாமத் தூங்கிட்டார்.

— அதை ஃபாதர்கிட்ட நான் பேசிக்கறேன். நீ ஏன் உன் வீட்டுக்காரன் சட்டையைத் துவைச்சே? அதை முதல்ல சொல்லு. இந்த சீசன் முழுக்கத் துவைக்காம அவன் போட்டுக்கிட்டு வந்து நம்மளை ஜெயிக்க வெச்ச சட்டை.

— நாறிச்சு அண்ணே.

— ஜெயிச்ச நாத்தம் மினெர்வா. அதைத் துவைச்ச அன்னிக்கே பாலத்துல நின்னு ஆத்துல விட்டிருக்கணும். போன வருஷம் தோத்ததும் என் ரேடியோவை விடலையா? நல்லாப் பாடின ரேடியோ. ஆனா ராசி கெட்டுப் போச்சுன்னு தெரிஞ்சதும் யோசிச்சேனா? ஆத்துல விழுந்ததைப் பத்தி அப்புறம் எவனும் வாயைத் திறக்கக் கூடாது, அதுதானே நம்ம ஊர் வழக்கம். இன்னி வரைக்கும் அந்தத் தோல்வியைப் பத்தி ஊர்ல ஒரு பேச்சு உண்டா?

— இப்ப நீதான் பேசறே.

— சட்டையும் வேண்டாம், ஃபாதரும் வேண்டாம். ரெண்டு பேரும் நான் சொல்றதைக் கேளுங்க. இவன் பொண்டாட்டி யொகாஸ்தா எந்த ஊர்க்காரி?

— அது ஊருக்கே தெரியும் நெரெய்தா. லா ஓயா.

— நேத்து எங்க உட்கார்ந்திருந்தா? அவ அப்பன் வீட்டு ஆளுங்களோட, தகரக் கூரைக்குக் கீழ. நாம? வேலிக்கு வெளிய, கருவக்காட்டுல. நம்ம ஊர்ல நான் கேட்சருக்குப் பின்னாடி கூரைக்குக் கீழ உட்காருவேன், என் பிள்ளை முகம் தெரியும். அங்க வெளியூர்க்காரங்களுக்கு ஒதுக்கினது மைதானத்துக்குக் கடைசி, பிட்சருக்கு நேர் பின்னாடி. மூணு மணி நேரம் வெயில்ல அவன் முதுகையே பார்த்துக்கிட்டிருந்தேன்.

— உனக்கு முதுகாவது தெரிஞ்சுது அக்கா. பக்கத்துல உட்கார்ந்த எனக்கு உன் குடைதான் தெரிஞ்சுது. அதோ மூலையில சாத்தி வெச்சிருக்கே, மஞ்சளா, கல்யாணப் பந்தல் கணக்கா. அதை ஏத்தறே, இறக்கறே, ஏத்தறே, இறக்கறே. கம்பி என் காதுல இடிச்சு, பார், இன்னும் சிவந்திருக்கு.

— என்னால பார்க்க முடியலை மினெர்வா. பதினாறு வயசுல அவன் முழங்கை வீங்கினது உனக்கு நினைவிருக்கா? வளைச்சு எறியாதேன்னு டாக்டர் தலையால அடிச்சுக்கிட்டார். கேட்டானா? இப்பவும் வளைச்சுத்தான் எறியறான். பந்தை முதுகுக்குப் பின்னாடி வெச்சு விரலால ஒரு திருப்புத் திருப்புவான், வளைக்கப் போறான்னு அப்பவே தெரிஞ்சுடும். குடையை முகத்துக்கு நேரா இறக்கிடுவேன். வில்கின் கையுறையில டப்புன்னு விழற சத்தம் கேட்டாத்தான் தூக்குவேன். அந்த சத்தத்தை நம்பித்தான் நான் ஆட்டம் பார்க்க வர்றதே. அதை நம்பினது என் புத்தி.

— கண்ணைத் துடை. அழற நேரம் இல்லை இது.

— அழலை. ஆறாவது இன்னிங்ஸ்ல நடந்ததை உனக்குச் சொன்னேனா? யொகாஸ்தா கூரையை விட்டு எழுந்து, மைதானத்தைச் சுத்திக்கிட்டு நம்ம பக்கம் வர்றா. கையில ஐஸ் போட்ட எலுமிச்சைத் தண்ணி. "மாமி, இங்க வெயிலா இருக்கு, எங்க பக்கம் வந்து உட்காருங்க"ங்கறா. தேன் ஒழுகுது. என் பிள்ளையை அடிச்சுத் துவைக்கற கூட்டத்துக்கு நடுவுல நான் போய் உட்காரணுமாம். "உன் தண்ணியும் வேண்டாம், உன் நிழலும் வேண்டாம்"னு சொல்லிட்டுக் குடையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். அப்பவும் போகலை. "அப்ப குடையையாவது மடக்கி வைங்க, நான் தொப்பி தர்றேன்"னு நின்னா.

— வேவு பார்க்க வந்திருக்கா. நம்ம பக்கம் யாரு என்ன பேசறான்னு பார்த்துட்டுப் போக. நான் குத்தம் சொல்லலை, யோசிக்கச் சொல்றேன்.

— குடிக்கத் தண்ணி கொண்டு வந்தவளை வேவுங்கறியே அண்ணே. அந்த எலுமிச்சைத் தண்ணியை நான்தான் குடிச்சேன். நல்லா இருந்துச்சு.

— நீ வாங்கிக் குடிச்சியா?

— தாகமா இருந்துச்சு.

— கேட்டியா நெரெய்தா, இதுதான் நம்ம சங்கம். சரி, ஆறாவது இன்னிங்ஸ்ல இன்னொண்ணும் நடந்துச்சு. இந்த வில்கின் எழுந்து போய் எலாதியோ காதுல என்னமோ ஓதினான். எலாதியோ தலையை ஆட்டி முறைச்சு அனுப்பிட்டான். என்னன்னு வீட்டுல சொன்னானா?

— சொன்னான். "பந்தை முதுகுக்குப் பின்னாடி வைக்காதே, கையுறைக்குள்ள மறைச்சுக்க"ன்னானாம். "பிடிக்கறவன் எனக்கு எறியச் சொல்லித் தரானாம்மா"ன்னு ராத்திரி சாப்பிடாமப் படுத்துட்டான்.

— அப்புறம் நடந்ததைக் கேளு. அதுலேர்ந்து கடைசி வரைக்கும் வில்கின் ஒரு வளைவுப் பந்து கேட்கலை. எலாதியோவோட சொத்தே அதுதான். அமெரிக்க டீமுக்கு ஆள் எடுக்கறவர் சாண்டோ டொமிங்கோவுலேர்ந்து வெயில்ல வந்து உட்கார்ந்திருந்தது அதைப் பார்க்கத்தான். இவன் நேர்ப் பந்து, நேர்ப் பந்து, நேர்ப் பந்து. லா ஓயாக்காரன் சும்மா விடுவானா? ஏழாவதுல அந்த ஆள் எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கிட்டுப் போயிட்டார். வில்கின், இதுக்கு ஒரு பதில் சொல்லு. மாமனார் வீட்டுக்காகத்தானே? இல்லைன்னு தலையையாவது ஆட்டு.

— ஆட்ட மாட்டேங்கறான்.

— ஆட்ட மாட்டான் மினெர்வா. இவன் அம்மா நியூயார்க் போறேன்னு போனப்ப இவனுக்கு ஏழு வயசு. அன்னிலேர்ந்து என் வீட்டுலதான் தின்னான். எலாதியோவுக்கு ஒரு முட்டைன்னா இவனுக்கும் ஒரு முட்டை. பொய் சொல்ல வரலைன்னா இப்படித்தான் கல்லு மாதிரி உட்காருவான். எனக்குத் தெரியும்.

— அப்ப முடிவு பண்ணிடுவோம். அந்த ஆள் எடுக்கறவர் அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை வரேன்னு நம்ம மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கார். இவன் பிடிச்சா எலாதியோ கதை அவ்வளவுதான். வில்கின் வேண்டாம்னு சங்கம் சொன்னா மேனேஜர் தட்ட மாட்டான், லாரிக்கு டீசல் நாமதானே போடறோம். இந்த ஊர்ல இவன் இனிமே கையுறை மாட்டக் கூடாது. நெரெய்தா, நீ வளர்த்தவ. நீ சரின்னா சரி.

— சரி.

— அக்கா, அவசரப்படாதே. எனக்கு ஒரு சந்தேகம். சொன்னா சிரிக்கக் கூடாது.

— சொல்லித் தொலை மினெர்வா.

— அஞ்சாவது இன்னிங்ஸ்ல லா ஓயா பக்கம் மூணாவதா ஆட வந்தானே ஒரு குண்டன், அவன் என்னையே பார்த்தான்.

— உன்னையா?

— சிரிக்கக் கூடாதுன்னேனே அண்ணே. முதல்ல எனக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு. சரி, பாவம்னு ஒரு சிரிப்புச் சிரிச்சு வெச்சேன். அடுத்து வந்தவனும் பார்த்தான். அதுக்கு அடுத்தவனும். ஒருத்தன் கூட எலாதியோ கையைப் பார்க்கலை. அவன் தலைக்கு மேல, நேரா எங்க பக்கம். மூக்குல மாவு கீவு ஒட்டியிருக்கோன்னு துடைச்சுக்கிட்டேன்.

— வரிசையா அத்தனை பேரும் உன் அழகைப் பார்த்தானுங்களா? நீ மூணு பேரன் எடுத்தவ மினெர்வா.

— அதான் நானும் கேட்கறேன். கருவக்காட்டுல பார்க்க என்ன இருக்கு? நான், அக்கா, மாவு டப்பா. அக்கா, நீயும் பார்த்தியா? அக்கா? உன் முகம் ஏன் இப்படி வெளுக்குது?

— வெயில் ஏறியிருக்கும். நாற்காலியை இழுத்துப் போடு.

— நாற்காலி வேண்டாம். வில்கின். என்னைப் பாரு. நீ யொகாஸ்தாவை அனுப்பினியா? அவளா வரலை, நீதான் அனுப்பினியா?

— தலையைக் குனிஞ்சுக்கறான் அக்கா.

— அனுப்பியிருக்கான். பந்து தடுக்க நிக்கற நம்ம ஆளுங்க எல்லாரும் உள்பக்கம் பார்த்து நிப்பாங்க மினெர்வா. கேட்சர் ஒருத்தன்தான் வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பான். இவன் கண்ணுக்கு எலாதியோவும் தெரிஞ்சான், எலாதியோவுக்குப் பின்னாடி நானும் தெரிஞ்சேன்.

— தெரிஞ்சா என்ன? எனக்குப் புரியற மாதிரி சொல்லு.

— குடை உபால்தோ. எலாதியோ விரலைத் திருப்பறது பேட் பிடிச்சு நிக்கறவனுக்குத் தெரியாது, முதுகுப் பக்கம் உட்கார்ந்த எனக்குத்தான் தெரியும். எறியறதுக்கு முன்னாடியே நான் இறக்கிடறேன். மஞ்சள் இறங்கினா வளையும். மேலயே இருந்தா நேரா வரும். அஞ்சாவதுல எவனோ ஒருத்தன் கண்டுபிடிச்சிருக்கான், மத்தவனுக்குச் சொல்லியிருக்கான்.

— ஆத்தாடி.

— அதான் வளைவுப் பந்து கேட்கறதையே நிறுத்தியிருக்கான். பந்தைத் திருப்பலைன்னா நான் இறக்க மாட்டேன். நான் இறக்கலைன்னா குடைதான் காரணம்னு யாருக்கும் தெரியாது. நேர்ப் பந்தை வெச்சு முடிஞ்ச வரைக்கும் இழுத்துப் பார்த்திருக்கான். வேற என்ன பண்ணுவான்? அத்தனை பேருக்கு நடுவுல "மாமி, குடையை மடக்கு"ன்னு கத்துவானா?

— கத்தியிருக்கலாமே. இல்லை, எலாதியோ காதுலயாவது சொல்லியிருக்கலாம். இங்க நாற்காலியில உட்கார வெச்சு இவ்வளவு நேரம் கிழிக்கறோம், அப்பவாவது சொல்லியிருக்கலாம். ஏன்டா?

— சொன்னா எலாதியோ என் முகத்துல முழிப்பானா? அவன் கோபம் உனக்குத் தெரியாது உபால்தோ. "அமெரிக்கா போக இருந்தேன், எங்க அம்மா குடை கெடுத்துச்சு"ன்னு கிழவனாகற வரைக்கும் சொல்லுவான். அது இவனுக்குத் தெரியும். நான் சரின்னேனே. இவனை வேண்டாம்னு நீ சொன்னதுக்குச் சரின்னேனே.

— நான் குத்தம் சொல்லலை நெரெய்தா. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. அடுத்த தடவை லா ஓயா போறப்ப நேர்ப் பந்துக்குக் குடையை இறக்கு. வளைவுப் பந்துக்குத் தூக்கிப் பிடி. அத்தனை பேரும் சுத்திச் சுத்தி விழுவானுங்க.

— கருமம். அண்ணே, கொஞ்சம் வாயை மூடு.

— நான் இப்பவே வீட்டுக்குப் போறேன். எலாதியோவை எழுப்பி, குடையைக் கையில வெச்சுக்கிட்டு நானே சொல்றேன். திட்டட்டும். இவன் கையுறையை யாரும் தொடக் கூடாது. ஞாயித்துக்கிழமை இவன்தான் பிடிக்கணும்.

— அக்கா, எந்திரிக்கறான்.

— வில்கின், அது என் குடைடா. அதை ஏன் எடுக்கறே? குடு. நான் அவன்கிட்டக் காட்டிச் சொல்லணும்.

— டேய், உன்னைத்தான் கூப்பிடறாங்க. பதில் சொல்லிட்டுப் போ.

— ஷட்டருக்கு அடியில குனிஞ்சு போயிட்டான் அண்ணே. குடையும் அவன் கையிலதான்.

— எனக்கு அப்பவே தெரியும். வீட்டுக்குத்தான் போறான். நமக்கு முன்னாடி ஓடி, குடையைக் காட்டி எலாதியோகிட்ட வத்தி வைக்கப் போறான். வாசல்ல நின்னு பாரு மினெர்வா, நெரெய்தா வீட்டுச் சந்துலதானே திரும்பறான்?

— இல்லை அண்ணே. சந்தைத் தாண்டிட்டான். ஆத்துப் பாலத்துப் பக்கம் போறான்.