முன்னால் நடந்தவன்

என் கையெழுத்து அழகாக இருக்கும் சார். வெண்ணந்தூர் பக்கம் பதினெட்டு வருடம் தலையாரி வேலை. போலீஸ் எதைப் பறிமுதல் செய்தாலும் அதை எழுதிவைக்கிற மகஜரில் சாட்சி நான்தான். ஒன்றைத் தவிர எல்லாம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தே போட்டவை. யாரும் குறை சொன்னதில்லை.

செல்லமுத்து மட்டும்தான் சொன்னார். அவர் மகன் மணிமாறன் கஞ்சா வழக்கில் உள்ளே போனது என் கையெழுத்தில்தான். மனுஷன் நகல் வாங்கிப் படித்து, அதே நாள் அதே மணிக்கு இன்னொரு ஊர் மகஜரிலும் நான் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். தேடி வந்து கேட்டார்.

"கோர்ட்டுல உண்மையச் சொல்லிப்போடுங்க சாமி. பையன் ஊடு வந்து சேரட்டும்."

மிரட்டியிருந்தால் பேசித் தீர்த்திருப்பேன். கெஞ்சினார். கெஞ்சுகிறவன் லேசில் விடமாட்டான். மறுநாள் காலை வரப்பில் வெட்டுப்பட்டுக் கிடந்தார்.

அவரோடு வாய்த்தகராறு பண்ணியிருந்த கூலிக்காரன் அங்கமுத்துவைப் பிடித்தார்கள். கூட்டிப்போனால் கொடுவாளை எடுத்துக் கொடுக்கிறேன் என்று அவன் சொன்னதாக வழக்கமான வரியையும் எழுதிவிட்டார்கள். கொடுவாள்தான் இல்லை. காளியண்ணன் தோட்டத்துப் பாழுங்கிணற்றில் பார்க்கலாமுங்க என்று நான்தான் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற பழக்கம் எங்களுக்குள் கிடையாது.

பிடிபட்டவன்தான் முன்னால் நடந்து வழி காட்ட வேண்டும். அங்கமுத்துவை முன்னால் விட்டோம். வரப்பு பிரிகிற இடத்தில் நின்றுவிட்டான். இடது பக்கம் கை காட்டினேன். கொஞ்ச தூரம் போய் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏனுங்க, இன்னும் எவ்வளவு தூரமுங்க?"

ஒரு போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீடியோ எடுக்கச் சொல்லும் சட்டம் அப்போது வரவில்லை. கிணற்றில் கொடுவாள் கிடைத்தது, அவன் அடையாளம் காட்ட எடுத்ததாக எழுதினார்கள். கோர்ட்டில் வக்கீல் கேட்டார், யார் முன்னால் நடந்தது என்று. அங்கமுத்து என்றேன். அது பொய்யில்லையே. அவனுக்கு ஆயுள் தண்டனை. மணிமாறனும் இன்னும் உள்ளேதான். அங்கமுத்துவின் பொண்டாட்டி அங்காளம்மாள் என்னைப் பார்த்தால் காறித் துப்புகிறாள். இன்ஸ்பெக்டருக்குப் பதவி உயர்வு, எனக்கு எச்சில். அதுதான் வயிறு எரிகிறது.

இத்தனை வருடத்தில் நேரில் போய்ப் பார்த்து ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டது அந்த ஒரு மகஜரில்தான் சார். கிணறு நிஜம். கொடுவாள் நிஜம். அதில் இருந்தது செல்லமுத்துவின் ரத்தம். வெட்டியது நான்.

எழுதிக்கொள்ளுங்கள். போலீசான உங்களிடம் ஒப்புக்கொண்டது கோர்ட்டில் செல்லாது, அதை வைத்து ஏதாவது பொருளை எடுத்தால்தான் அந்த அளவுக்குச் செல்லும். இனி எதை எடுப்பீர்கள்? கொடுவாள் கோர்ட்டில் இருக்கிறது, என் கையெழுத்துப் போட்ட சீட்டோடு.