ஆறாம் கட்டத்து வெள்ளைக் கார்

மாமா: ...அதெல்லாம் நடக்காதும்மா. நாலு மணிக்குக் கடைக்காரங்க கூட்டம். சங்கத் தலைவர் நான் எந்திரிச்சு ‘முடியாது’ன்னு ஒரு வார்த்தை சொன்னேன்னா, உங்க ஆபீஸ் திட்டம் அதோட சரி.

மருமகள்: தாராளமா சொல்லுங்க மாமா. அதுக்கு முன்னாடி இந்த லிஸ்டைப் பாத்துடுங்க.

மாமா: ஊர்ல எத்தனை தெரு இருக்கு! மாமனார் பைப் கடை வாசல்லயா வந்து கட்டம் கட்டமா பெயின்ட் அடிக்கணும்?

மருமகள்: வீட்ல மருமக. இங்க பார்க்கிங் ஆபீசர். டீ வாங்கிக் குடுத்தா ரெண்டு பேரும் குடிப்போம்.

மாமா: வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. எல்லாம் அந்த மொட்டைக் கடிதாசியால வந்த வினை. எந்தப் புண்ணியவான் எழுதினானோ!

மருமகள்: ‘இந்தத் தெருவில் நிற்கும் கார்கள் நாள் முழுக்க நகர்வதில்லை. ஐயா அவர்கள் நேரக் கெடு விதித்து அப்புறப்படுத்தவும்.’ எழுத்து ஒவ்வொண்ணும் பூசணிக்காய் சைஸ்.

மாமா: பல் டாக்டரா இருக்கும்.

மருமகள்: டாக்டர் எழுதினா படிக்க முடியுமா? இது படிக்க முடிஞ்சுதே.

மாமா: சரி, யாரோ. ஆனா சொன்னது நியாயம்தான். போன வாரம் ஒருத்தர் இருபது அடி பைப் வாங்கினார். இங்க இடமில்லாம வண்டியை மூணு தெரு தள்ளி விட்டிருக்கார். பைப்பைத் தோள்ல போட்டுட்டு ஒரு திரும்பு திரும்பினார் பாரு... பல் டாக்டர் போர்டு காலி.

மருமகள்: அப்போ இடத்தை அடைச்சிட்டு நிக்கறது யாரு?

மாமா: மாடியில குடியிருக்கறவங்கதான்! முன்னெல்லாம் நாலு வீடு, ரெண்டு கடை. இப்ப கடைக்கு மேல வீடு, வீட்டுக்கு மேல ஜிம்...

மருமகள்: நீங்களும் மாடியிலதானே குடியிருக்கீங்க.

மாமா: என்னை எதுக்கு இழுக்கறே?

மருமகள்: கேளுங்க. ஒம்பது நாள். மணிக்கு ஒரு தடவை. பதினாலு கட்டத்துலயும் நின்ன வண்டி நம்பரை எழுதியிருக்கோம். மாடிக்காரங்க எட்டரைக்கே வேலைக்குக் கிளம்பிடறாங்க. அந்த இடத்துல வந்து உக்கார்றது ஜவுளிக்கடைக்காரர் வண்டி, ஜிம் மாஸ்டர் வண்டி, மருந்துக்கடை வண்டி... எட்டுக் கட்டம் கடைக்காரங்களே.

மாமா: அடப்பாவி! ஜவுளிக்கடைக்காரன்தான் கஸ்டமருக்கு இடமில்லன்னு தொண்டை கிழியக் கத்தறான்!

மருமகள்: ஒம்பதாவது வண்டி ஆறாம் கட்டத்துல. படிங்க.

மாமா: கண்ணாடி... மாடியில வச்சுட்டேன்.

மருமகள்: சட்டைப் பையில இருக்கு.

மாமா: அது பழசு. நீயே படிம்மா.

மருமகள்: காலை எட்டு, வெள்ளைக் கார். ஒம்பது, அதே கார். பத்து, அதே கார். சாயங்காலம் ஏழு...

மாமா: என் வண்டிதான். அதுக்கென்ன? தினம் காலையில ஏழுக்குக் குடோனுக்கு எடுத்துட்டுப் போவேன். ஏழே முக்காலுக்கு அதே இடத்துல கொண்டுவந்து நிறுத்துவேன். நூல் பிடிச்ச மாதிரி.

மருமகள்: சக்கரத்துல காத்தடிக்கற வால்வு இருக்கே, அது எந்தப் பக்கம் நிக்குதுன்னும் எழுதுவோம். கடிகார முள் கணக்கு. உங்க முன் சக்கரம் நாலு மணி, பின் சக்கரம் பத்து மணி.

மாமா: இருக்கட்டும்.

மருமகள்: ஒம்பது நாளும் நாலு மணி, பத்து மணி. குடோனுக்குப் போய்ட்டு வந்த வண்டி தினம் அப்படியே வந்து நிக்குமா மாமா?

மாமா: இதையெல்லாமா எழுதறீங்க!

மருமகள்: சம்பளமே அதுக்குத்தான்.

மாமா: எஞ்சின்ல ஒரு சத்தம்...

மருமகள்: அத்தை அவங்க தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னப்பவும் இதையேதான் சொன்னீங்க. மெக்கானிக்கைக் கேட்டேன். வண்டி குதிரை மாதிரி இருக்குன்னார்.

மாமா: நீ பார்க்கிங் ஆபீசரா, போலீசா?

மருமகள்: கண்ணு எப்போலேர்ந்து சரியாத் தெரியல மாமா?

மாமா: ...நாலு மாசம். நடுவுல ஒரு கறுப்பு. டாக்டர் ஊசி போடறார், இருக்கற பார்வை போகாம நிக்குமாம். ஓட்ட மட்டும் கூடாதாம்... வீட்ல மூச்சு விடாதே.

மருமகள்: அத்தைகிட்ட கூடவா சொல்லல?

மாமா: சொன்னா? கையைப் பிடிச்சு ரோடு தாண்ட வைப்பா. முப்பது வருஷம் இந்தக் குடும்பத்தை நான்தாம்மா ஓட்டினேன். பிரசவமா, நடு ராத்திரி ஆஸ்பத்திரியா, நான்தான். உன்னைப் பொண்ணு பாக்க வந்ததும் இந்த வண்டிதான். அது வாசல்ல நிக்கற வரைக்கும் நான் ஓட்டறேன்னுதான் எல்லாரும் நெனைப்பாங்க. எனக்கு அது போதும்னு இருந்துச்சு.

மருமகள்: கூட்டத்துல நம்பர் எதையும் படிக்க மாட்டேன். எத்தனை வண்டின்னு மட்டும்தான் சொல்வேன். ஆனா ரெண்டு மணி நேரக் கெடு எல்லாருக்கும். தலைவர் வண்டிக்கும். நாள் முழுக்க நிறுத்தறவங்களுக்குப் பின் தெருவுல இடம் போட்டிருக்கேன்.

மாமா: பின் தெரு வரைக்கும் யாரு ஓட்டறது? வித்துடத்தான் வேணும்.

மருமகள்: ம்.

மாமா: சட்டம்னு வந்துட்டா மனுஷன் என்ன பண்ண முடியும்? ‘உன் அருமை மருமக போட்ட சட்டம், வித்துத் தொலைச்சேன்’னு அத்தைகிட்ட சொல்லிடுவேன். பழி உன் மேலதான்.

மருமகள்: போடுங்க. ஆனா கண் விஷயத்தை இந்த வாரமே அத்தைகிட்ட நீங்க சொல்லணும். அடுத்த ஊசிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்.

மாமா: பாப்போம்... சரி, சொல்றேன். இன்னிக்குக் கூட்டத்துல ரெண்டு தடவை ‘முடியவே முடியாது’ன்னு மேஜையைத் தட்டுவேன். மூணாவது தடவை வேண்டா வெறுப்பா தலையாட்டுவேன். நீ கண்டுக்காதே.

மருமகள்: ஜோரா தட்டுங்க.

மாமா: என்ன சிரிப்பு? திட்டம் பாஸானா அந்த மொட்டைக் கடிதாசிக்காரனுக்குத்தான் கொண்டாட்டம்!

மருமகள்: அவருக்கு ஒரு கட்டு வெள்ளைத்தாள் வாங்கித் தரப்போறேன் மாமா. நம்ம கடை பில்லுக்குப் பின்னாடி எழுதிட்டார், ரெண்டு மாசமா அதை ஃபைல்ல போடாம என் பைக்குள்ளயே ஒளிச்சு வச்சுட்டுத் திரியறேன்.